பெல்மோர் தீவுக்கு ஒரு சாட்சி

அஜின்கோர்ட்,
07.05.1995

வட துருவத்தின் வாயிற்காவலரும், பனிக்கரடிகளின் பெருங்கிலியும், காலஞ்சென்ற என் ஒரே தங்கச்சியின் ஒரே மகனுமாகிய அமலதாஸ் அவர்களின் சமுகத்துக்கு, மாமன் மரியரட்ணம் எழுதிக்கொள்வது.

எனக்கு முழங்கால் நோ, மாமிக்கு நான் நோ. மற்றப்படி இரண்டு பேரும் சுகம். உன் சுகம் எப்படி? காதுகள் இரண்டும் அந்தந்த இடத்தில்தான் இருக்கின்றனவா? அங்கே குளிருக்குக் காது முறிந்து விழும் என்று என்னோடு கட்டிடம் கூட்டுகிற போலந்துக்காரன் சொல்கிறான். விழுந்தால் எறிந்து போடாதே, பொறுக்கி வை. மாமி ஒட்டித் தருவாள்.

நீ போய் ஐந்து கிழமை. உலகப் படத்தில் உன் பெல்மோர் தீவைத் தேடினேன். அது படத்தில் இல்லை. படத்தின் மேல் விளிம்புக்கும் மேலே, எங்கள் சுவரில் இருக்கிறது. பென்சிலால் ஒரு புள்ளி போட்டேன். மாமி அழித்தாள். திரும்பப் போட்டேன். இப்போது அந்த இடத்தில் சுவரே தேய்ந்துவிட்டது. இனி நீ இருப்பது பள்ளத்தில்.

இரண்டு வருடம் எலெக்ட்றோனிக்ஸ் படித்த பிள்ளை பூமியின் உச்சந்தலையில் போய்க் கோப்பை கழுவுகிறது! ரொறன்ரோவில் ஊத்தைக் கோப்பை முடிந்து போச்சா? சும்மா ஓரிடத்தில் இருக்கமாட்டாய் நீ. வந்த நாளிலிருந்து நாலு வீடு, ஆறு வேலை. அங்கே நீர்மூழ்கிக் கப்பல் பிடிக்கிறார்களாம் என்று கேள்வி. உண்மையா? தூண்டிலா, வலையா?

மாமி கேட்கச் சொன்னது: சோறு கிடைக்குதா?

பதில் வரும்வரை தபால்பெட்டியோடு குடித்தனம் நடத்தும்,
மாமன்.


பெல்மோர் தீவு,
29.05.1995

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

நான் சுகம். காது இரண்டும் இருக்கிறது. சோறு கிடைக்காது. நானே சமைக்கிற நாளில் கிடைக்கும். நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் பிந்தினால் யோசிக்க வேண்டாம். பிளேன் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறைதான் வரும். பனிப்புகார் மூடிக் கண் தெரியாவிட்டால் அதுவும் இல்லை. இங்கே பத்தொன்பது பேர். ஒரு ரேடியோ போன் இருக்கிறது, ஆனால் எல்லோரும் கேட்கத்தான் கதைக்க வேண்டும். அதனால் எடுப்பதில்லை. இப்போது சூரியன் மறைவதே இல்லை. நித்திரை வராமல் தீவைச் சுற்றி நடக்கிறேன்.

கரையில் ஒரு கொட்டில் இருக்கிறது. அங்கிருந்து வயர்கள் ஐஸுக்குக் கீழே கடலுக்குள் போகின்றன. நுனியில் மைக் கட்டியிருக்கிறார்கள். எந்நேரமும் இரண்டு பேர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இருப்பார்கள். திமிங்கிலம் பற்றிய ஆராய்ச்சி என்று எனக்குச் சொன்னார்கள். திமிங்கிலத்துக்காக ஒருவரும் பத்தொன்பது பேருக்கு இவ்வளவு சம்பளம் கொடுக்கமாட்டார்கள்.

போன கிழமை கோப்பி கொண்டு போனபோது, முகாமின் தலைவர் றோஸ் என்னையும் கேட்டுப் பார்க்கச் சொன்னார். சீல் கத்துவது, ஐஸ் முனகுவது எல்லாம் கேட்டது. பிறகு ஒரு இரைச்சல் வந்து நின்றது. ஐஸ்தான் என்றார்கள். இல்லை, யாரோ எஞ்சினை நிறுத்தியிருக்கிறார்கள் என்றேன். எஞ்சின் நின்றாலும் ஓடிய வேகத்தில் தண்ணீர் உரசும் சத்தம் கொஞ்சம் இருக்கும். அது இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டார். மீன்பிடிக்கிற ஊர் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தினமும் கூப்பிடுகிறார்.

அன்புடன்,
அமலன்.


அஜின்கோர்ட்,
15.06.1995

ஏழு கடலின் அடியில் எறும்பு தும்மினாலும் இன்ன சாதி எறும்பு என்று சொல்லவல்ல மருமகனே!

இங்கே எல்லாம் வழமை போல. மாமிக்குத் தடிமன், ஓயாத தும்மல். அது மாறும். உன் கடிதத்தை நான் நூற்றெட்டுத் தரம் வாசித்துவிட்டேன். மாமி ஒரு தரம் வாசித்து, சமையலறை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

எனக்கு அப்போதே தெரியும். ரஷ்யாக்காரன் கடலுக்கு அடியில் வந்து நின்று, "அமலதாஸ் ஐயா, கொஞ்சம் இப்படிப் போய் வரலாமோ?" என்று கேட்கிற காலம் வரும். அமெரிக்காக்காரன் பின்னால் வரிசையில் நிற்பான். நீ கோப்பை கழுவி முடிய ஆறுதலாக விடை சொல்லலாம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். உனக்கு இருபத்திரண்டு முடிகிறது. ஒரு கால்கட்டுப் போட்டால்தான் நீ ஓரிடத்தில் நிற்பாய் என்பது மாமியின் தீர்ப்பு. விட்பியில் அருள்நாயகம் என்று ஒருவர் இருக்கிறார். எங்கள் கரைப் பக்கத்துச் சனம்தான். மகள் அன்ரனெற், ஆஸ்பத்திரியில் வேலை. மூத்தவள் ஒரு வெள்ளைக்காரரைக் கட்டியிருக்கிறாள். அந்த மருமகன் தங்கமான மனிதராம், எல்லாக் காரியத்துக்கும் அவர்தான் முன்னுக்கு நிற்பாராம். கோயிலில் கண்டு உன்னைப் பற்றி ஒரு சொல் போட்டேன். "விசாரிச்சுப் போட்டு ஒருநாள் வாறம்" என்றார்.

வரட்டும். மாமன் இருக்கப் பயமேன்?

கழுத்தில் மஃப்ளர் சுற்றச் சொல்லி மாமி உத்தரவு.

உன் கலியாணப் பந்தலுக்கு இப்போதே கால் நாட்டிவிட்ட,
மாமன்.


பெல்மோர் தீவு,
04.07.1995

அன்புள்ள மாமா, மாமி,

மாமியின் தடிமன் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் சுகம்.

கலியாணப் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். வேறு ஒரு முக்கியமான விஷயம்.

கொட்டிலில் ஒரு இடம் காலியாகிறது. கேட்பவர் வேலை. றோஸ் அதை எனக்குத் தர விரும்புகிறார். கோப்பை கழுவுகிற வேலை இல்லை மாமா, படித்த படிப்புக்கு உள்ள வேலை. ஆனால் இது கடற்படையோடு சம்பந்தப்பட்டது. அதனால் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அரசாங்கத்து ஆட்கள் என்னைத் தெரிந்தவர்களிடம் விசாரிப்பார்கள். படிவத்தில் உங்கள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன்.

யாராவது வந்து என்னைப் பற்றிக் கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒரு சொல்கூடக் கூட்ட வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், கூட்ட வேண்டாம்.

ஒக்ரோபர் முதல் கிழமைக்குப் பிறகு வசந்தம் வரை பிளேன் இல்லை. அனுமதி வராவிட்டால் கடைசிப் பிளேனில் என்னை ஏற்றிவிடுவார்கள். எனக்கு இந்த வேலை வேண்டும் மாமா. இதுவரை உங்களிடம் ஒன்றும் வேண்டும் என்று கேட்டதில்லை.

நாலு நாளாய்ப் பனிப்புகார். இந்தக் கடிதம் எப்போது புறப்படுமோ தெரியாது.

அன்புடன்,
அமலன்.


அஜின்கோர்ட்,
21.07.1995

வெற்றி! வெற்றி! மணவறைக்குப் புறப்படும் மாப்பிள்ளைக்கு மாமனின் மங்கள வாழ்த்து!

நாங்கள் சுகம். சுகம் என்ன சுகம், நான் நிலத்தில் நடக்கவில்லை. உன்னிடமிருந்து ஒரு மாதமாய்க் கடிதமில்லை, அந்தக் கோபத்தைக்கூட மறந்துவிட்டேன்.

நேற்று விட்பிக்காரர் வந்தார்கள்.

அந்த வெள்ளைக்கார மருமகனும், துணைக்கு எங்கள் பெண்பிள்ளை ஒருத்தியும். பெயர் புனிதவதி. "அமலதாஸைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறம் அங்கிள்" என்றாள். வெள்ளையர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். என் கண்ணாடி கட்டிலில் கிடந்தது. "எங்களுக்குள்ளை என்ன அட்டை? இருங்கோ, இருங்கோ" என்று கதிரையைத் தூசி தட்டிவிட்டேன். வடையும் தேத்தண்ணியும் வந்தது. மனிதர் ஒரு கொப்பியைத் திறந்தார். எங்கள் சனம் மாப்பிள்ளை பார்க்கிறபோது இவ்வளவு ஒழுங்காய் எழுதி நான் கண்டதில்லை.

"குடிப்பழக்கம் இருக்கோ அங்கிள்?" என்றாள்.

"பூசையிலை சுவாமி வைன் குடிக்கிறதைக் கண்டாலே அவனுக்குத் தலை சுத்தும் பிள்ளை."

"வெளிநாடுகளிலை தொடர்புகள்?"

சொந்தபந்தம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள் போல. விடுவேனா? "பாரிஸ், லண்டன், ஒஸ்லோ, சிங்கப்பூர், எங்கை இல்லை? இவன் ஒரு விசில் அடிச்சால் நாலு கண்டத்திலையிருந்தும் ஆள் வந்து இறங்கும்."

"ரஷ்யாவோடை ஏதும்?"

விட்பியில் ரஷ்யாவை ஏன் கேட்கிறார்கள் என்று யோசித்தேன். வெள்ளையருக்கு வாசிப்பில் பிரியம் போல. "சின்னனிலையிருந்து அவனுக்கு மொஸ்கோவிலையிருந்து பெட்டி பெட்டியாய்ப் புத்தகம் வரும்" என்றேன். உன்னிடம் இருந்த அந்த இரண்டு விஞ்ஞானப் புத்தகமும் மொஸ்கோவில் அச்சடித்ததுதானே.

"இரகசியம் காப்பாரோ?"

"கழுத்தை வெட்டினாலும் வாய் திறவான். ஆருக்கும் தெரியாத ஒரு விஷயம் சொல்லட்டே? பதினேழு வயசிலை, ரெட்டை எஞ்சின் படகிலை நாப்பது சனத்தை ஏத்தி, மூண்டு ரோந்துக் கப்பல் பின்னாலை கலைக்கக் கலைக்க, பேசாலையிலையிருந்து இந்தியாக் கரையிலை கொண்டுபோய் இறக்கினவன். இண்டைக்கு வரைக்கும் ஒரு குஞ்சுக்குச் சொல்லேல்லை!"

வெள்ளையரின் பேனா நின்று, பிறகு நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. கடைசியில் என்னிடம் கையெழுத்தும் வாங்கினார். பார், எவ்வளவு உறுதி!

மாமிதான் ஒரு மாதிரி. "பொம்பிளை வீட்டுக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டு வரேல்லை" என்று அப்போதிருந்து முணுமுணுக்கிறாள்.

சம்பந்தி மரியாதைக்காகத் தலைமயிருக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருக்கும்,
மாமன்.


பெல்மோர் தீவு,
05.08.1995

மாமாவுக்கு,

நான் சுகம்.

வந்தது விட்பிக்காரர் இல்லை. நான் ஜூலை நாலாம் திகதி எழுதிய கடிதம் இதற்குள் கிடைத்திருக்கும்.

றோஸ் என்னைக் கூப்பிட்டு இரண்டு எஞ்சின், நாற்பது பேர், மொஸ்கோ என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். எல்லாம் மாமாவின் கதை என்று சொன்னால் நம்பியிருப்பார். ஆனால் ஒன்று கதை இல்லை. அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் ஒருவருக்கும் சொல்லவில்லையே. கூட வந்தவர்களையும் ஓட்டியது யார் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் படகை எடுத்தது நான். தொண்ணூறாம் ஆண்டு. சண்டைக்குத் தப்பி இந்தியாவுக்குப் போகக் கோயிலுக்குப் பின்னால் சனம் மூன்று நாளாய் நின்றது. ஒரு படகுக்காரரும் துணியவில்லை. உங்கள் எஞ்சின் பழுது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போய்ப் பார்த்தேன். எஞ்சின் படகில் பூட்டியபடி இருந்தது. கயிற்றை ஒருமுறை இழுத்தேன், பிடித்துவிட்டது. உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

பதினாலு பேர். நடுக்கடலில் ரோந்தின் வெளிச்சம் தெரிந்தது. எஞ்சினை நிறுத்தினேன். ஒரு தாய் பிள்ளையின் வாயைப் பொத்திப் பிடித்திருந்தா. படகு சும்மா வழுக்கிக்கொண்டு போனது, தண்ணீர் உரசுகிற சத்தம் மட்டும். பதினாலு பேரையும் இந்தியாப் பக்கத்து மணல்திட்டில் இறக்கினேன். திரும்பி வரும்போது கரைக்குக் கிட்ட மறுபடி வெளிச்சம். படகை விட்டுவிட்டு நீந்தினேன். அதை எரித்துவிட்டார்கள்.

இங்கே ஐஸுக்குக் கீழே ஒன்று வந்து சத்தம் போடாமல் நிற்கிறபோது, கொட்டிலில் இருப்பவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் கப்பலுக்குள் இருப்பவர்களும் அப்படித்தான் இருப்பார்கள்.

படிவத்தில் படகு விஷயத்தை எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது எழுதிக் கொடுத்துவிட்டேன். படகுச் சொந்தக்காரரின் அனுமதி இருந்ததா என்ற இடத்தில், இல்லை, கேட்காமல் எடுத்தேன் என்று எழுதினேன்.

மன்னியுங்கள்.
அமலன்.


அஜின்கோர்ட்,
12.08.1995

அன்பு மருமகன் அமலதாசுக்கு,

பட்டம் பதவி ஒன்றும் இந்தக் கடிதத்துக்கு இல்லை. மாமி சுகம். நான் மூன்று இறாத்தல் மெலிந்துவிட்டேன், அதில் மிகை இல்லை, தராசு சாட்சி.

உன் ஜூலைக் கடிதம் போன புதன்கிழமைக்கு முந்திய புதன்தான் வந்து சேர்ந்தது. வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். வேறு எங்கே போக? மாமி வெளியே நின்று, "நான் அண்டைக்கே சொன்னன், வாழைப்பழம்!" என்றாள்.

புனிதவதி தன் நம்பரை விட்டுப் போயிருந்தாள். அழைத்து, நான் சொன்னதில் பிழை இருக்கிறது, திருத்த வேண்டும் என்றேன். நேற்று முன்தினம் இரண்டு பேரும் திரும்ப வந்தார்கள். கலியாண விசாரணை என்றால் என்னவென்று அந்தப் பிள்ளை வெள்ளையருக்கு விளங்கப்படுத்தினாள். மனிதர் முகத்தைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார். பிறகு கொப்பியைத் திறந்தார்.

ஒவ்வொன்றாய் வெட்டினேன். ஒஸ்லோவில் யாருமில்லை. பாரிஸில் ஒரு மச்சான், அவனும் கடிதம் போடுவதில்லை. மொஸ்கோப் பெட்டியில் இரண்டு புத்தகம். ரெட்டை எஞ்சினுக்கு ஒற்றை எஞ்சின்.

"அப்ப படகுக் கதையும் பொய்தானே அங்கிள்?" என்றாள். பொய் என்று சொல் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது அவள் குரல். நானும் அதைத்தான் சொல்ல வாய் திறந்தேன். அமலா, எனக்கு உன் விஷயம் நீ கடலால் வந்த அன்று காலையிலேயே தெரியும். உள்ளங்கை இரண்டும் உரிந்து, உடம்பெல்லாம் உப்போடு நீ வந்து நின்றாய். அதனால்தான் படகைத் திமிங்கிலம் விழுங்கியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பேசாலைக் கடலில் திமிங்கிலம்! விசாரிக்க வந்தவன் என்னைப் பைத்தியம் என்று விட்டுவிட்டுப் போனான். ஆகவே இன்னொரு பொய் எனக்குப் பெரிய காரியமில்லை.

அப்போதுதான் மாமி சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் அகப்பை. "அந்தப் படகிலை என்ரை தங்கச்சியும் மூண்டு பிள்ளையளும் போனவை. அவை உயிரோடை இருக்கினம். அதைப் பொய் எண்டு இந்த வீட்டிலை சொல்ல விடமாட்டன்."

பிறகு எப்படி மறைக்கிறது? பதினாலு பேர் என்று மாமியே கணக்கும் சொன்னாள்.

படகு யாருடையது, உங்கள் அனுமதியோடா எடுத்தார் என்றும் வெள்ளையர் கேட்டார். அதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது, மாற்றிக் கொண்டு வந்தோம். பிறகு அவர்களுக்கு நேரம் போய்விட்டது.

இனி நடப்பது நடக்கட்டும். உன் மறுமொழிக்காகத் தபால்காரனின் காலடிச் சத்தத்தை மூன்று மாடிக்குக் கீழேயே கண்டுபிடிக்கிறேன். நீ மட்டுமா கேட்பவன்?

அன்புள்ள,
மாமன்.


பெல்மோர் தீவு,
02.09.1995

அன்புள்ள மாமா, மாமி,

சுகமாக இருக்கிறேன். மாமா சாப்பிட வேண்டும். மாமிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அவ சொன்னதும் நான் எழுதியதும் ஒத்துப்போனது பெரிய உதவி என்று றோஸ் சொன்னார்.

ஆனால் இன்னும் முடியவில்லை. பதினாலு பேரைக் கொண்டுபோனது அவர்களுக்குப் பிரச்சினை இல்லையாம். உயிர் தப்ப ஓடிய சனம். படகுதான் பிரச்சினை. கேட்காமல் எடுத்தேன் என்று நானே எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் களவு. களவு என்று பதிவானால் இந்த வேலை இல்லை. சொந்தக்காரரிடம் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் தேத்தண்ணி மாற்றப் போனார் என்று அறிக்கையில் இருக்கிறதாம்.

ஏன் மாமா பதில் சொல்லவில்லை? கோபமா? கோபம் என்றால் நியாயம்தான். அந்தப் படகோடு உங்கள் தொழிலும் போனது. ஆனால் எனக்காகப் பொய்யாக அனுமதி கொடுத்தேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம். களவு என்றால் களவு என்றே எழுதுங்கள். ஒக்ரோபர் எட்டாம் திகதி கடைசிப் பிளேன். அதற்கு முன் உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும்.

இப்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அப்படியும் நித்திரை இல்லை.

அன்புடன்,
அமலன்.


அஜின்கோர்ட்,
17.09.1995

அமலாவுக்கு,

இதில் ஒரு பிரதி புனிதவதி மூலம் அந்த வெள்ளையருக்குப் போகிறது. அவள் இங்கிலீஷில் எழுதி, நான் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உனக்கு என் கையாலேயே எழுதுகிறேன். கை ஓடுதில்லை. நாலு தாள் கிழித்துவிட்டேன்.

நீ கரைப் பிள்ளை. யோசித்துப் பார். கடலால் வந்த எவன் எஞ்சினைப் படகில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவான்? கழற்றித் தோளில் வைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அருகில் வைத்துத்தான் படுப்பான். நானும் இருபத்தாறு வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரே ஒரு பின்னேரம் தவிர.

எஞ்சின் பழுதில்லை. தங்கச்சியைக் கொண்டுபோய் விடுங்கோ என்று மாமி மூன்று நாளாய் என் காலைப் பிடித்து அழுதாள். ஓம் என்று சொல்லிக்கொண்டு கரைக்குப் போனேன். தாங்கி நிறைய எண்ணெய் விட்டேன். எஞ்சினைப் பூட்டினேன். அடுத்த ஊரிலிருந்து முதல் நாள் போன படகுக்கு என்ன நடந்தது என்று பக்கத்தில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டதும் பயந்து படகிலிருந்து இறங்கிவிட்டேன். எஞ்சின் பழுது என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, வெறும் தோளோடு வீட்டுக்கு நடந்தேன்.

எஞ்சினை ஏன் கழற்றவில்லை? ஆராவது எடுக்கட்டும் என்று. ஆராவது என்று சொல்வதும் பொய். அன்று முழுக்க அந்தச் சனத்துக்குத் தண்ணீர் சுமந்துகொண்டு திரிந்தது நீ. நீ எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். பதினேழு வயது உனக்கு. நான் போக வேண்டிய இடத்துக்கு உன்னை அனுப்பிவிட்டு, போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். விடிய நீ வராவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அனுமதி இருந்ததா என்று அந்த மனிதர் கேட்டபோது இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். மாமி வாசலில் நின்றாள். அவளுக்கு முன்னால் வாய் வரவில்லை.

இந்தக் கடிதத்துக்கு முன் அவளிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பழுதான எஞ்சினை எண்டாலும் திருத்தக் கொண்டு வருவினம். நீங்கள் வெறுந்தோளோடை வந்த ஆள். எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். ஐந்து வருடம் அமலா. ஐந்து வருடமாக என் சண்டமாருதக் கதைகளை எல்லாம் அவள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆகவே எழுதிக்கொள்: படகு களவு போகவில்லை. சொந்தக்காரன் கொடுத்தான். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, ஆனால் கொடுத்தான். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

மரியரட்ணம்.


பெல்மோர் தீவு,
08.10.1995

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

பிளேன் வந்து நிற்கிறது. தபால் பையில் என் அனுமதியும் வந்தது. பெட்டியைக் கட்டிக் கதவடியில் வைத்திருந்தேன், இப்போது அவிழ்த்துவிட்டேன். நாளை முதல் கொட்டிலில் வேலை. இனி வசந்தம் வரை கடிதம் வராது. வேலையைப் பற்றி அப்போதும் ஒரு வரி எழுத முடியாது. கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

உங்கள் கடிதம் போன பிளேனில் கிடைத்தது. பதில் எழுத இருந்தேன், முடியவில்லை. கோபம் வந்தது மாமா. நான் உங்கள் தொழிலைக் கெடுத்தவன் என்று ஐந்து வருடம் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் வீடு வீடாக மாறித் திரிந்தேன். கடைசியில் இங்கே வந்தேன். நீங்கள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

அந்தப் படகில் பயப்படாத ஆள் ஒருவரும் இருக்கவில்லை. எனக்குப் பல் கிடுகிடுத்தது. நீங்களும் வந்திருந்தால் இன்னொரு ஆள் பயந்திருப்பீர்கள், அவ்வளவுதான். இடம் இருந்தது.

கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நம்பினேன். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும்.

கோபம் பாதி போய்விட்டது. மிச்சம் போனதும் எழுதுகிறேன். அதை எழுதலாம், அதற்குத் தடை இல்லை. நீங்கள் குளிர்காலம் முழுக்க எழுதிக்கொண்டிருங்கள். வசந்தத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக வாசிப்பேன்.

பிளேன்காரர் பையைக் கட்டுகிறார்.

உங்கள்,
அமலன்.